இடது பெடல் இல்லாத வண்டி

குர்லா இஸ்தியாக் கியர்பாக்ஸை இறக்கித் தந்தான்.
திறக்க மாட்டானாம்.
"ஆட்டோமேட்டிக்கை நாங்க தொடறதில்ல மேடம்,
மேனுவலா மாத்திடலாம், பதினெட்டாயிரம்."
சேலை ஓரத்தில் தெரிந்த காலிப்பரைப் பார்த்தவன்
மேற்கொண்டு பேசாமல்
டெம்போவுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டான்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து ஜென்.
மூன்றே கியர், கிளட்ச் கிடையாது.
என் இடது காலிடம் எதுவும் கேட்காத ஒரே பொருள்
இந்த வீட்டில் அதுதான்.
ஜூன் மழையில் சயன் மேம்பாலம் ஏறும்போது
இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக மறுத்து
அங்கேயே நின்று கத்தியது.

வாட்ச்மேனும் பேப்பர்காரரும் தூக்கிவந்து
சாப்பாட்டு மேசையில் வைத்தார்கள்.
அன்றிலிருந்து தட்டு என் மடியில்.

அடித்தட்டைக் கழற்றியதும்
அடிப்பிடித்த பாகின் வாடை.
சிவப்பாக இருக்கவேண்டிய எண்ணெய்
டிகாக்‌ஷன் நிறத்தில் வடிந்தது.
வால்வு பாடிக்குள் கறையான் அரித்த பலகைபோல்
எங்கெங்கோ போகும் சந்துகள்.
படம் எடுத்தேன், வரைந்தேன்,
ஸ்பிரிங்குகளை முட்டை அட்டையில் அடுக்கி
ஒவ்வொரு குழிக்கும் எண் போட்டேன்.
ஒரு குண்டு உருண்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் போனது.
அதை எடுக்கப் படுத்ததுதான் பெரிய வேலை;
எழுந்தது அதைவிட.

நடுவில் ஒரு பல்சக்கரம், சுற்றிலும் மூன்று.
புத்தகம் இதைச் சூரியன், கிரகங்கள் என்கிறது.
செட்டா நகர் கோயிலில்
கிரகங்கள் ஒன்றையொன்று பார்ப்பதில்லை.
இவை பல்லோடு பல் கோத்து
விரல் வைத்த பக்கமெல்லாம் கூடவே திரும்பின.
சாப்பிட மறந்து திருப்பிக்கொண்டிருந்தேன்.

புதுக் கிளட்ச் தகடுகளை
இட்லிப் பானையில், புது எண்ணெயில் ஊறப்போட்டேன்.
ஒரு ராத்திரி முழுக்க ஊறவேண்டும்.
பழைய சீல்களை நெம்ப
மூன்றாம் மாடி பல் டாக்டர் வைஜெயந்தி பாட்கர்
கொக்கி ஒன்று இரவல் தந்தார்.
"திருப்பித் தராதீங்க," என்றார்.
பேரிங் ஊசிகள் நழுவாமலிருக்க வாசலைன் தடவச் சொல்லியிருந்தது.
டப்பா எங்கே என்று தேடவேண்டியதில்லை.
காலிப்பர் பட்டை உரசும் இடத்துக்கு
தினமும் காலையில் நான் தடவுவது.

மூடுமுன் காற்றடித்துப் பார்க்கவேண்டும்.
சைக்கிள் பம்ப்பை ஓட்டையில் வைத்து அழுத்தினால்
உள்ளே கிளட்ச் "டப்" என்று பிடிக்கவேண்டும்.
முதல் ஓட்டை, டப்.
இரண்டாவது சீறியது.
மணி பதினொன்றரை.
அதையும் டப் என்றே எழுதிக்கொண்டேன்.

இஸ்தியாக் வந்து ஏற்றினான்.
எண்ணெய் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, டி-யில் போட்டேன்.
வண்டி சும்மா இருந்தது.
ஆர்-இல் போட்டேன், பாய்ந்தது.
என்ன தோன்றியதோ
பின்னோக்கியே ஏ விங், பி விங், தண்ணீர் டேங்க் எல்லாம்
அப்பிரதட்சிணமாக ஒரு சுற்று வந்தேன்.
செக்ரட்டரி பெட்னேகர் பால்கனியில் நின்று
ஏதோ கேட்டார். கேட்கவில்லை.
இஸ்தியாக் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மறுபடி மேசை. மறுபடி மடியில் தட்டு.
சீறிய இடத்தில்
ஒரு ரப்பர் உதடு உட்புறமாக மடிந்திருந்தது,
நகக்கண் அளவு.
அது எனக்கு முதலிலேயே தெரியும் என்பதை
யாரிடமும் சொல்லவில்லை.
இரண்டாவது முறை இறக்கி ஏற்ற
இஸ்தியாக் பாதிக் கூலி வாங்கினான்.
"அடுத்தது வந்தா உங்ககிட்ட அனுப்பறேன்," என்றான்.
கேலியா, கேள்வியா,
அவன் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

பார்க்கிங் தரையில் எண்ணெய்க் கறைக்கு
ஐந்நூறு ரூபாய் அபராதம். கட்டிவிட்டேன்.

ஞாயிறு காலை, மழை விட்டிருந்தது.
எக்ஸ்பிரஸ் ஹைவேயில் நாற்பதைத் தாண்டியபோது
மூன்றாவது விழுந்தது.
விழுந்ததே தெரியவில்லை,
எஞ்சினின் குரல் மட்டும் இறங்கியது.
வேகத்தைக் குறைத்தேன்.
மறுபடி மிதித்து, மறுபடி கேட்டேன்.
விக்ரோலி வரை இப்படியே போனேன்.
ஆபீஸ் அந்தப் பக்கம்கூட இல்லை.